ஐஸ் குச்சிப் பாலம்

கோரைப்பள்ளத்தின் குறுக்கே பாலம் வந்து நின்றது ஒரு புரட்டாசித் திங்கட்கிழமை காலை, பால்காரர் இரண்டாம் நடை போய்த் திரும்பிய நேரம் என்பதில் புதூர்க்காரர்கள் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதன்மேல் வீசியது ஆரஞ்சு ஐஸ் வாசமா சேமியா ஐஸ் வாசமா என்பதில்தான் இன்றுவரை சண்டை. பலகை ஒவ்வொன்றும் ஓர் அடி அகலம், நடுவில் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாய்ச் சாயம் ஊறிய கறை, இணைப்புகளில் தோசைக்கல் பெரிசுக்குக் காய்ந்து கிடந்த மைதாப் பசை, கீழே பள்ளத்து மணலில் ஊன்றி நின்ற தூண்களோ பனியன் கம்பெனியில் தூக்கியெறிகிற நூல்கோன்களைப் போலவே மேலே சிறுத்துக் கீழே பெருத்து, சுற்றிலும் பச்சை நூல் மிச்சத்தோடு. மூன்றாவது பலகையில் தாம்பாளம் அளவுக்கு ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

புதூர் இதற்கெல்லாம் வாயைப் பிளந்து நிற்கிற ஊர் இல்லை. பால்காரர் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டுப் பாலத்தின்மேல் நாலு எட்டு வைத்து, ஒரு குதி குதித்துப் பார்த்து, "ஆட்டம் இல்லீங்க" என்று கரையில் நின்றவர்களிடம் சொன்னார். தச்சுவேலைக் குப்புராஜ் ஒரு பலகையைத் தட்டிப் பார்த்து, மரம் மட்டம்தான், ஆனால் இழைப்பு சுத்தம் என்று சான்றிதழ் கொடுத்தார். தொடக்கப் பள்ளியின் சுலோச்சனா டீச்சர் வந்து பார்த்தார். உடனே திரும்பிப் பள்ளிக்குப் போய்ப் பீரோவைத் திறந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஐஸ் குச்சியை வெட்டி ஒட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கிவைத்த பத்துத் துண்டுகளையும் காணோம். பீரோவைப் பூட்டினார், மறுபடி பள்ளத்துக்கு வந்தார், கட்டைவிரல் ரேகையைப் பார்த்தார். "நம்ம யாழவனோடதுதான். பசையைத் தொடச்சிட்டு ஒட்டுடான்னா கேக்கறதே இல்ல" என்றார். அத்தோடு விசாரணை முடிந்தது.

இதையெல்லாம் எதிர்க்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் நிரஞ்சனி. எட்டரை வயது, மேக்காடு. மேக்காடு என்பது பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பன்னிரண்டு வீடு. அங்கிருந்து ஐந்து பிள்ளைகள் தினமும் பள்ளத்தில் இறங்கி, நடு ஓட்டத்தில் போட்டிருக்கிற கற்களில் தாவி, இந்தப் பக்கம் ஏறிப் பள்ளிக்கு வருவார்கள். அவள் பாலத்தைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, எண்ணினாள். அந்தக் கரையிலிருந்து ஐந்து துண்டு வந்திருந்தது, இந்தக் கரையிலிருந்து ஐந்து துண்டு வந்திருந்தது, நட்டநடுவில் இரண்டு ஆள் படுத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவுக்கு ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அந்தக் காற்று எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். கரையில் ஒரு துருப்பிடித்த பலகை இருபது வருஷமாக நிற்கிறது: "இவ்விடத்தில் பாலம் அமைக்கும் பணி, நீளம் 60 அடி." பலகை வந்தது, பாலம் வரவில்லை. இந்த வருஷம் செயல்திட்டத்துக்கு ஊரில் இல்லாத ஒன்றைச் செய்து காட்டுங்கள் என்று மேலிடத்திலிருந்து தாள் வந்ததும், பிள்ளைகள் ஒரே குரலில் பாலம் என்றார்கள். அடிக்கு ஒரு சென்டிமீட்டர், ஆக அறுபது சென்டிமீட்டர், துண்டுக்கு ஆறு வீதம் பத்துத் துண்டு என்று டீச்சர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். திங்கட்கிழமை மணலைக் குவித்து ஒரு குட்டிப் பள்ளம் செய்து சேர்த்து நிறுத்துவதாக ஏற்பாடு. அதற்குள் பாலம் அவசரப்பட்டுவிட்டது.

புதூரில் நெல் அளக்கிறவர் முதல் வள்ளத்தை ஒன்று என்று சொல்லமாட்டார், லாபம் என்பார், அப்புறம்தான் ரெண்டு, மூணு. அந்த வழக்கத்தை இந்த ஊர்க்காரர்கள் ஸ்கேலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து மரஸ்கேல்களில் பூஜ்ஜியம் இருக்கிற சுழிமுனை எந்தக் காலத்திலோ உடைந்து, எல்லாமே ஒன்று என்ற கோட்டில்தான் ஆரம்பிக்கும். சுழியில் ஆரம்பித்த காரியம் விளங்குமா என்று யாரும் அதற்காக வருத்தப்படவில்லை. முதல் கோட்டில் விரலை வைத்து லாபம் என்பார்கள், அடுத்த கோட்டில் ரெண்டு, அப்புறம் மூணு, நாலு, அஞ்சு, ஆறாம் கோடு வந்ததும் ஆறு என்று அடையாளம் போட்டு வெட்டிவிடுவார்கள். சுலோச்சனா டீச்சர் இதே பள்ளியில் இப்படித்தான் படித்தார். குப்புராஜும் இங்கேதான் படித்தார், தன் அடிக்கோலில் வெட்டுக்குறிகளை இதே கணக்கில்தான் எண்ணுவார். அதனால் புதூரில் ஆறடிக் கதவு எல்லாம் ஐந்தடிதான் இருக்கும். வெளியூர் விருந்தாளிகள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வருவார்கள்; வீட்டுக்குள் வருகிறவன் தலைகுனிந்து வரவேண்டும் என்பது எங்கள் பண்பாடு என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஒருமுறை வந்த அதிகாரி ஒருவர் இதைக் கேட்டு மெய்சிலிர்த்து டைரியில் குறித்துக்கொண்டு போனதும் உண்டு.

நிரஞ்சனிக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. வகுப்புச் சுவரில் கற்றல் ஏணி என்று ஒரு படம் தொங்கும். படிக்கு ஒரு மிருகம், ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் பிள்ளைகள் தங்கள் பெயரட்டையைத் தாங்களே மேலே ஏற்றிக்கொள்வார்கள். அளத்தலுக்கு ஒட்டகச்சிவிங்கி. ஆடி மாதத்தில் டீச்சர் ஒரு பென்சிலைக் கொடுத்து அளக்கச் சொன்னார். எல்லோரும் எட்டு என்றார்கள், இவள் ஏழு என்றாள். மறுபடி அளக்கச் சொன்னார், மறுபடியும் ஏழு. யானை, மயில், முதலை என்று மற்றவர்கள் அட்டை ஏறிக்கொண்டே போக, இவள் அட்டை மட்டும் ஒட்டகச்சிவிங்கியின் காலடியில் தொங்கியது. அளக்கத் தெரியாதவள் என்பதால் பாலம் செய்யும்போது அவளுக்குக் கிடைத்தது பசை கிளறுகிற வேலை. அவளும் கட்டியில்லாமல் கிளறினாள், பாலம் நின்றதில் அதற்கும் பங்கு உண்டு.

நடுவில் காற்று இருக்கிறதே என்று புதூர் கவலைப்படவில்லை. குப்புராஜ் பாலத்தின் மேல் போய் ஒரு துண்டை அடிக்கோலால் அளந்து ஆறு என்று அறிவித்தார். பத்தாறு அறுபது, கரையில் நிற்கிற அறிவிப்புப் பலகையிலும் அறுபது, ஆகவே கணக்குப்படி பாலம் முழுசு, பள்ளம்தான் கொஞ்சம் அகன்றுவிட்டது என்று முடிவாயிற்று. அப்புறம் அந்த இடைவெளிக்கு ஊர் பழகிக்கொண்டது. இந்த விளிம்பில் ஒரு டீக்கடை பெஞ்சு வந்தது, அந்த விளிம்பில் மேக்காட்டுப் பெண்கள் முருங்கைக்கீரை வைத்தார்கள்; நடுவே ஒரு கயிற்றைக் கட்டித் தூக்குப்போசியில் டீ அந்தப் பக்கமும் கீரை இந்தப் பக்கமும் போய்வந்தன. ஒரு ஆட்டுக்குட்டி கோணிப்பைக்குள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே அக்கரை போனது. ஒரு பெண் பார்க்கும் சடங்கே அங்கே நடந்தது. பையன் இந்த விளிம்பில், பெண் அந்த விளிம்பில், பேசவேண்டியதை ஊரே கேட்கும்படி கத்திப் பேசினார்கள், ஒளிவுமறைவு இல்லாத சம்பந்தம் என்று இரண்டு பக்கமும் மெச்சிக்கொண்டார்கள். ஆள் போகவேண்டுமென்றால் எப்போதும்போல் கீழே இறங்கிக் கல்லில் தாவிப் போனார்கள்.

ஆனால் ஐப்பசி பிறந்தால் கல் மூழ்கும். மூன்று மாதம் பள்ளம் ஓடும், மேக்காட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. போன வருஷம் நிரஞ்சனி அழுத அழுகையைப் பார்க்கமுடியாமல் அவள் அப்பா மாரப்பன் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடுகிற தண்ணீரில் இறங்கி, கால் இடறி, இருவரும் போயே போய்விட்டார்கள் என்று கரையில் பெண்கள் அலறிய பிறகு ஒரு நொச்சிப் புதரைப் பிடித்துக் கரையேறினார். அன்றிலிருந்து அவருக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். பல்லடத்தில் அவருடைய தங்கை பனியன் கம்பெனிக்குப் போகிறாள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறாள். "பள்ளத்துல தண்ணி எறங்கற அன்னிக்கு நீ அத்தை வீட்டுக்குப் போயிரு சாமி. படிப்புக்காக உன்னைத் தண்ணிக்குக் குடுக்கறதுக்கு எனக்குத் தெம்பில்ல" என்று சொல்லியிருந்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் நிரஞ்சனிக்குப் பெரிய கஷ்டம். கெட்ட அப்பாவாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

ஐப்பசி ஏழாம் தேதி வியாழக்கிழமை மழை பிடித்தது, வெள்ளிக்கிழமை விடியும்போது கற்கள் மூழ்கியிருந்தன. மேக்காட்டு ஐந்து பிள்ளைகளும் உரச்சாக்கைத் தலைக்குமேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பாலத்தின் அந்த விளிம்பில் வந்து உட்கார்ந்தார்கள். மாரப்பனும் வந்தார், கையில் நிரஞ்சனியின் துணிமணி வைத்த மஞ்சப்பை, மேக்காட்டு ரோட்டில் பல்லடம் பஸ் ஒன்றரைக்கு.

பத்து மணிக்குச் சுலோச்சனா டீச்சர் முப்பத்தோரு பிள்ளைகளைக் குடைக்குள்ளும் சாக்குக்குள்ளும் அடைத்துக்கொண்டு இந்த விளிம்புக்கு வந்தார். "அஞ்சு பேரு பள்ளிக்கூடத்துக்கு வர முடியலீனா பள்ளிக்கூடம் போகட்டும், என்ன இப்போ" என்று யாரும் கேட்காமலே பதில் சொன்னார். வகுப்பு தொடங்கியது. வாய்ப்பாட்டை இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி என்று கத்தினார்கள். கீழே செந்தண்ணீர் இரைந்துகொண்டு போனது, பெரியவர்கள் டீக்கடை பெஞ்சை நிறைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஆறாம் வாய்ப்பாட்டில் பத்தாறு அறுபது என்று எல்லோரும் முழங்கியபோது நிரஞ்சனி எழுந்து நின்றாள்.

"டீச்சர், பாலத்துக்கு ரெண்டு துண்டு கொறையுதுங்க."

"ஏங்கண்ணு, இப்பத்தானே பத்தாறு அறுபதுன்னு சொன்னே?"

"துண்டு ஆறு இல்லீங்க டீச்சர். அஞ்சு."

பெஞ்சிலிருந்து குப்புராஜ் சிரித்தார். "அம்மணி, அடிக்கோலு வெச்சு அளந்தது நானாக்கும். முப்பது வருஷமா அளக்கறேன்."

பெரியவரோடு வாதாட நிரஞ்சனிக்குப் பயமாக இருந்தது. ஆனால் அப்பாவின் கையிலிருந்த மஞ்சப்பை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. "மாமா, பள்ளத்துல எத்தனை கல்லு கெடக்குதுங்க, கரைக்கல்லு ரெண்டும் சேத்தி?"

"ஆறு!" என்று இரண்டு பக்கமும் ஒரே குரலாகப் பதில் வந்தது, இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"அப்ப மொதக் கல்லுல நின்னா, ஆறாங் கல்லுக்கு எத்தனை தாண்டு தாண்டோணும்?"

ஆறு என்று சொல்ல வாயெடுத்த குப்புராஜ், கல் கிடந்த இடங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாலேயே தாண்டிப் பார்த்தார். பிள்ளைகள் விரலை மடக்கினார்கள். பால்காரர் எழுந்து, பெஞ்சுக்கு முன்னால் மழையில் தாவித் தாவிப் பார்த்துவிட்டு, அரண்டுபோன முகத்தோடு திரும்பினார். "அஞ்சுங்க. தெனமும் ரெண்டு நடை தாண்டறேன், அஞ்சுதானுங்க."

"கோட்டை எண்ணப்படாதுங்க டீச்சர்" என்றாள் நிரஞ்சனி. இப்போது அவள் குரல் தண்ணீருக்கு மேலே நன்றாகவே கேட்டது. "கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல இருக்கற எடத்தைத்தான் எண்ணோணும். லாபம்னு சொல்றப்ப நாம இன்னும் ஒரு தாண்டுகூடத் தாண்டலீங்க."

சுலோச்சனா டீச்சர் யாழவனை அனுப்பி, மேலிடத்திலிருந்து நாலு வருஷம் முன்பு வந்து, பிள்ளைகள் கை பட்டால் கெட்டுப்போகும் என்று பிரிக்காமலே பீரோவில் பத்திரப்படுத்தியிருந்த கணக்குப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். உறையைக் கிழித்தார். சுழியோடு கூடிய புது ஸ்கேல் பளபளவென்று இருந்தது. ஆடி மாதத்துப் பென்சில் சீவிச்சீவித் தேய்ந்துபோயிருந்தது, அதனால் புதுச் சாக்பீஸ் ஒன்றை எடுத்து, முதலில் மரஸ்கேலில் வைத்து லாபத்திலிருந்து எண்ணினார், எட்டு வந்தது. அதையே புது ஸ்கேலில் வைத்தார், ஏழு வந்தது. மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருஷமாக எத்தனை பிள்ளைகளைச் சரியாகத் தப்பாக அளக்கவைத்தோம் என்று நினைத்தால் யாருக்குத்தான் கலங்காது.

"நிரஞ்சனி சொன்னது சரி" என்றார், மேக்காட்டு வீடுகளுக்கே கேட்கும்படி. "நான் சொன்னது தப்பு. ஆடி மாசத்துல இவளுக்கு நான் போட்ட தப்பு, எனக்குப் போட்டிருக்கோணும்."

குப்புராஜ் தன் நெற்றியில் முப்பது வருஷமாக இருக்கிற வீக்கத்தை மெதுவாகத் தடவினார். "அப்ப நம்ம கதவெல்லாம்..." என்று ஆரம்பித்தார். "பண்பாடு" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, முதலில் சிரித்தவர் அவர்தான்.

பத்துத் துண்டு அஞ்சஞ்சாய் ஐம்பது, மிச்சம் பத்து, ரெண்டு துண்டு. இது இப்போது ஒன்றாம் வகுப்புக்கும் தெரிந்தது. ஆனால் குச்சி ஏது? இருந்த குச்சி எல்லாம் பாலமாகிவிட்டது. புளியமரத்தடியில் மழைக்கு ஒதுங்கி, இன்றைக்கு ஒன்றும் ஓடாது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த ஐஸ்காரரை அப்போதுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஐப்பசி மழையில் புதூர் ஐஸ் தின்றது. பிள்ளைகள் தின்றார்கள், சளிக்கு மருந்து குடித்துக்கொண்டிருந்தவர்கள் தின்றார்கள், பல் கூசுகிறது என்று அழுதுகொண்டே பால்காரர் மூன்று தின்றார், சத்துணவு ராசாமணியக்கா அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வந்து சேமியா ஐஸ் ஒன்றைக் கடித்து முடித்துக் குச்சியை நீட்டினார். உதடும் நாக்கும் ஆரஞ்சாகி, பல் கிட்டித்து, சாக்குக்குள் நடுங்கிக்கொண்டு, இன்னும் வேணுமா இன்னும் வேணுமா என்று கேட்டுக்கேட்டுத் தின்றார்கள்.

குச்சிகளும் பசையும் கத்தரிக்கோலும் புது ஸ்கேலும் தூக்குப்போசியில் ஏறிக் கயிற்றோடு அக்கரை போயின. நிரஞ்சனி சுழியில் நகத்தை வைத்தாள். ஒவ்வொரு இடைவெளியாக எண்ணி, அஞ்சு என்று அடையாளம் போட்டாள். மேக்காட்டுப் பிள்ளைகள் மற்ற நாலு பேரும் வெட்டினார்கள், ஒட்டினார்கள். மழைத்துளி படாமல் ஒருவர் குனிந்து தன் முதுகையே கூரையாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அது மாரப்பன் என்று சற்றுப் பொறுத்துத்தான் அவள் கவனித்தாள்.

இரண்டு துண்டையும் அவள் விளிம்பில் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள். அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை.

"இப்பிடிக் குறுகுறுன்னு பாத்தா அதுக்குக் கூச்சமா இருக்காதா?" என்றார் ராசாமணியக்கா. "சோறு ஆறுது. முட்டை வேணுங்கறவங்க வாங்க."

முட்டை என்றதும் முப்பத்தோரு பிள்ளைகளும் திரும்பினார்கள், பிள்ளைகளோடு பெரியவர்களும் திரும்பினார்கள். அக்கரையில் பல்லடம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது, மாரப்பனும் நிரஞ்சனியும் மற்ற நாலு பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அந்த ஒரு நொடிக்குப் பாலத்தை யாருமே பார்க்கவில்லை.

மறுபடி திரும்பியபோது பாலம் முழுசாக நின்றது. பன்னிரண்டு துண்டு, நடுவில் இரண்டு மட்டும் ஈரம் காயாத புது நிறத்தில். இரைச்சலோடு செந்தண்ணீர் அடியில் போனது, பாலம் அசையவில்லை.

பஸ் இன்னொரு முறை ஹாரன் அடித்தது. மாரப்பன் பஸ்ஸைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பிறகு பாலத்தின் மேல் முன்னால் நடந்தார், நடுவுக்குப் போனார், அந்த இரண்டு புதுத் துண்டின் மேலும் ஏறி நின்று, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினார். திரும்பி மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். "வா சாமி. முட்டை தீந்துரும்."

அவள் கையைப் பிடிக்கவில்லை, ஓடினாள். பின்னாலேயே நாலு பேரும் ஓடினார்கள். இந்தப் பக்கம் எழுந்த கூச்சலில் புளியமரத்துக் காக்கை எல்லாம் பறந்துபோயின. குப்புராஜ் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார், டீச்சர் குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டே கை தட்டினார், முட்டை அவளுக்கு இரண்டு கிடைத்தது.

அன்று மத்தியானம் விதியில் இல்லாத ஒரு காரியத்தைச் சுலோச்சனா டீச்சர் செய்தார்: வருகைப்பதிவை இரண்டாம் தடவை எடுத்தார். பள்ளி தொடங்கிய நாளிலிருந்து பள்ளம் ஓடுகிற எந்த நாளிலும் மேக்காட்டுப் பெயர்களுக்கு நேரே சிவப்பு மையைத் தவிர வேறு எதுவும் விழுந்ததில்லை. அவர் நீலப் பேனாவைத் தேடி எடுத்து, ஒவ்வொரு பெயராக வாசித்தார். வாசலில் மாரப்பன் மஞ்சப்பையைத் தலைக்குப் பிடித்தபடி மழையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிரஞ்சனி."

"உள்ளேன் டீச்சர்!"

ஐந்து பேரும் இருந்தார்கள்.